இடஞ்சுழியாகக் கலக்கிய தேத்தண்ணி

மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக நிற்கிற பழைய புத்தகக் கடைகளுக்கு மாதம் ஒருமுறையாவது போவேன். போன மாதம் ஒரு கடையில் சட்டப் புத்தக அடுக்குக்குக் கீழே ஓரம் நைந்த டிவிடி பெட்டி ஒன்று கிடந்தது. 'தி அவெஞ்சர்ஸ்' என்ற அறுபதுகளின் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர், ஆறாவது பருவம், 33 அத்தியாயங்கள், இங்கிலாந்துப் பதிப்பு. கடைக்காரர் 4,500 சொன்னார்.

"நானா, இதை இனி ஆர் வாங்கப்போகினம்?"

"நீங்கதானே மிஸ் கையில வச்சிட்டு நிக்கிறீங்க."

3,000க்கு முடிந்தது. வீட்டில் பெட்டியைக் கண்ட பேரன் துள்ளிக்கொண்டு வந்தான். பச்சை நிற ராட்சதன் யாரும் இதில் இல்லை, தொப்பியும் குடையுமாக ஸ்டீட் என்ற வெள்ளைக்கார உளவாளி மட்டும்தான் என்றதும் திரும்பிப் போய்விட்டான்.

நான் வாங்கியது 33 அத்தியாயத்துக்காக அல்ல, ஒன்றே ஒன்றுக்காக. அதிலும் கடைசி இரண்டு மூன்று நிமிடத்துக்காக. 1986இல் நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். லண்டன் மாமா அங்கே தொலைக்காட்சியில் போனதைப் பதிந்து வீடியோ கசெற்றாக அனுப்புவார். இங்கேயும் அங்கேயும் 'பால்' முறை என்றபடியால் எங்கள் டெக்கில் சிக்கலில்லாமல் ஓடும். ஒரு கசெற்றின் கடைசியில் இருந்தது 'த ஃபர்கெட்-மீ-நொட்', ஸ்டீட்டின் கூட்டாளி எம்மா பீல் தொடரை விட்டுப் போகிற அத்தியாயம். சண்டை முடிந்தது, பத்திரிகையில் செய்தி வந்தது, அமேசன் காட்டில் காணாமல்போன விமானி பீற்றர் பீல் உயிரோடு கிடைத்துவிட்டார். அதோடு நாடா முடிந்து திரை முழுக்கப் புள்ளிமழை. அம்மா, "புருஷன் வந்திட்டான், இனி என்ன, போவாள்தானே" என்று எழும்பிச் சோறு போடப் போனா. எப்படிப் போனாள் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

போன போயா தினத்தன்று மச்சாளையும் பம்பலப்பிட்டிச் சிநேகிதியையும் வெள்ளவத்தைக்குக் கூப்பிட்டு, மாலுபாணும் பிளேன்ரீயும் வைத்துப் போட்டுப் பார்த்தோம்.

கதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காணாமல்போன ஒற்றர் ஒருவர் ஸ்டீட்டின் வீட்டுக்கு வந்து நிற்கிறார். உளவு அமைப்புக்குள் ஒரு துரோகி இருக்கிறான் என்பது தெரியும், யாரென்பது மறந்துபோச்சு. நினைவை அழிக்கிற மருந்து தடவிய ஊசிதான் காரணம். எம்மாவுக்கும் அது பாய்கிறது. துரோகி யாரென்று பாதிக்கு முன்னமே சிநேகிதி கண்டுபிடித்துவிட்டாள். பிரையன் கிளெமன்ஸ் எழுதியதில் இது மெலிந்த கதை.

மெலிந்ததற்குக் காரணம் இருக்கிறது. எம்மாவாக நடித்த டயானா றிக் போவது முடிவானதும் தயாரிப்புப் பொறுப்பு வேறு கைக்கு மாறி, எம்மாவுக்குப் பதிலாக வருகிற தாரா கிங்காக லிண்டா தோர்சனை வைத்துச் சில அத்தியாயங்கள் எடுத்தும் விட்டார்கள். அது சரிவரவில்லை. பழைய தயாரிப்பாளர்கள் கிளெமன்சையும் அல்பர்ட் ஃபெனலையும் திருப்பிக் கூப்பிட்டார்கள். அதன் பிறகுதான் றிக்கைச் சில நாட்களுக்கு மட்டும் அழைத்து இந்த வழியனுப்பலை எடுத்தது. அதனால்தான் எம்மா படம் முழுக்க ஒரு பக்கம், தாரா இன்னொரு பக்கம். முதலில் எடுத்தது பிறகு வரும், பிறகு எடுத்தது முதலில் வரும். தோர்சனின் தலைமுடியை வெளிறவைத்துப் பழுதாக்கி, பிறகு விக் வைத்துச் சமாளித்தார்கள். பெட்டியை வரிசையாகப் பார்த்தால் தாராவின் தலை ஏன் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறுகிறது என்று குழம்பாதீர்கள்.

இனி அந்தக் கடைசிக் காட்சி. தொடர் முழுக்க ஸ்டீட் அவளை 'மிசிஸ் பீல்' என்றுதான் கூப்பிடுவார். நம்மட ஆக்கள் பக்கத்துவீட்டு ரீச்சரை முப்பது வருஷம் 'ரீச்சர்' என்றே கூப்பிடுவதைப் போல. அவள் விடைபெறுகிற நேரம் 'எம்மா' என்கிறார். அழுகை இல்லை, கட்டிப்பிடிப்பு இல்லை. கன்னத்தில் ஒரு முத்தம், ஆபத்து நேரத்தில் தொப்பியைக் கழற்றாதே என்கிற மாதிரி அவளிடமிருந்து இரண்டு புத்திமதி, அவ்வளவுதான். படியால் இறங்கிப் போகையில் தாரா ஏறி வருகிறாள். வீடு எது என்று கேட்கிறாள். எம்மா வழி காட்டிவிட்டு, அவருக்குத் தேநீரை இடஞ்சுழியாகக் கலக்க வேணும் என்று விரலால் சுற்றிக் காட்டுகிறாள். கீழே காரோடு காத்திருக்கிற கணவன், முதுகுப்பக்கம் பார்த்தால் தொப்பியும் குடையுமாக இன்னொரு ஸ்டீட். முகத்தைக் காட்டவே இல்லை.

"இவ்வளவுதானா?" என்றாள் சிநேகிதி. நான் பேசாமல் ரிமோட்டை எடுத்துத் திரும்பப் போட்டேன். 2019இல் நான் ஓய்வுபெற்ற அன்று, என்னுடைய இடத்துக்கு வந்த பிள்ளையிடம் பதிவேடுகளை ஒப்படைக்க ஒரு மணித்தியாலம் தந்தார்கள். வெளிக்கிடுகிற நேரம் நான் சொன்னது ஒன்றுதான்: "பிள்ளை, அலுமாரித் திறப்பைக் கொஞ்சம் மேல தூக்கித் திருப்ப வேணும்."

ஆள் மாற்றுவது இந்தத் தொடருக்குப் புதிதல்ல. 1961இல் தொடங்கும்போது இயன் ஹென்ட்றியின் டொக்டர்தான் நாயகன், பற்றிக் மக்னீயின் ஸ்டீட் இரண்டாம் இடம். ஹென்ட்றி போனார், ஹொனர் பிளாக்மன் வந்தார். ஆணுக்கு எழுதிய வசனங்களைப் பெரிதாக மாற்றாமலே அவருக்குக் கொடுத்ததாகச் சொல்வார்கள். அதனால்தானோ என்னவோ அவர் நடித்த கேத்தி கேல் யாருக்கும் பயப்படாத பெண்ணாக வந்தாள். அவர் ஜேம்ஸ் பொண்ட் படத்துக்குப் போனார், 1965இல் றிக் வந்தார், அவரும் பொண்ட் படத்துக்கே போனார். ஒளிப்பதிவாளருக்கே தன்னைவிடச் சம்பளம் கூட என்று அறிந்து சண்டை பிடித்தவர் றிக். சின்ன வயதில் இந்தியாவில், பிக்கானேரில் வளர்ந்தவர் என்பதை மச்சாளுக்குச் சொன்னதும் அவளுக்கு இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

அதே காலத்து அமெரிக்க 'மிஷன்: இம்பொசிபிள்' தொடரை எடுங்கள். முதல் பருவத்தில் தலைவர் ஸ்டீவன் ஹில். இரண்டாவதில் அதே இடத்தில் பீற்றர் கிரேவ்ஸ், முன்னையவர் எங்கே என்று ஒரு வார்த்தை இல்லை. நேற்றுவரை இருந்த மனிசனைப் பற்றி ஒருத்தரும் கதைக்காத கந்தோர் மாதிரி. அதோடு வைத்துப் பார்த்தால் இந்தப் படிக்கட்டு பெரிய மரியாதை.

தாராவைப் பற்றி எங்களுக்குள் சண்டைதான். தோர்சனுக்கு அப்போது இருபது வயது. ஸ்டீட்டைக் கண்டு கண் விரிகிற சின்னப்பிள்ளையாக அவரை எழுதிவிட்டார்கள், எம்மாவோ அவருக்குச் சரிசமமாக நின்றவள். என் கட்சி எம்மா. மச்சாள் விடவில்லை: "கைப்பைக்குள்ள செங்கல்லோட வாற பெட்டையை நீ சின்னப்பிள்ளை எண்டுறியா? அவள் பயிற்சி எடுத்து வந்தவள். உன்ர எம்மா பொழுதுபோக்குக்கு வந்தவள்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. கூரையில் தொங்குகிற வார்களைப் பிடித்து அறைக்குள் நகர்கிற 'மதர்' என்ற தடித்த அதிகாரியை மூன்று பேருக்கும் பிடித்தது. நடித்தவர் பற்றிக் நியூவல். மதர் முதலில் தலைகாட்டுவதும் இந்த அத்தியாயத்தில்தான்.

வாங்க நினைப்பவர்களுக்கு: நிறம் பளிச்சென்று இருக்கிறது, கசெற்றில் பழுப்பாகத் தெரிந்த எம்மாவின் உடுப்புகள் இப்போதுதான் என்ன நிறமென்று தெரிந்தது. பெட்டியில் இரண்டாவது தட்டு கீறல் விழுந்து இரண்டு இடத்தில் நின்று நின்று ஓடுகிறது. பழைய பொருள் வாங்கும்போது தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்காதது என்னுடைய பிழை. இன்னொன்று, டிவிடி எந்த நாட்டுப் பக்கம் ஓடும் என்று குறிக்கிற வலய எண் இங்கிலாந்துத் தட்டுகளுக்கு 2, நம்ம பக்கத்துக்கு 5. வீட்டிலிருந்த பழைய பிளேயர் எதையும் கேட்காமல் ஓட்டியது. மடிக்கணினி மறித்தது. வலயத்தை மாற்றலாம், ஆனால் ஐந்து தரம்தான், பிறகு கடைசி எண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். தமிழ்ப்படத் தட்டுக்கும் இதற்கும் மாற்றி மாற்றி நான் நாலு தரம் முடித்துவிட்டேன்.

இந்தத் தொடரை முன்பின் அறியாதவர்கள் இந்தப் பெட்டியில் தொடங்க வேண்டாம். எம்மாவின் கறுப்பு வெள்ளை அத்தியாயங்கள் பத்தாவது பார்த்துவிட்டு வந்தால்தான் அந்தப் படிக்கட்டு வேலை செய்யும். 3,000 எனக்குக் கட்டும், 4,500 என்றால் வைத்துவிட்டு வந்திருப்பேன்.

மச்சாள் போகும்போது மூன்றாம், நாலாம் தட்டுகளைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கீறல் விழுந்ததை எனக்கே விட்டுவிட்டாள்.