ஸ்மாப் மண் ஈரப்பதத் தரவு: வட்டாரத்துக்குப் பொருந்தும், வயலுக்குப் பொருந்தாது

நாசா 2015 ஜனவரி 31 அன்று ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள் வழங்கும் மண் ஈரப்பதத் தரவை, குறிப்பாக 9 கிலோமீட்டர் கட்டங்களில் வெளியாகும் நாள்வாரித் தொகுப்பை, கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்து மானாவாரிக் கரிசல் நிலங்களுக்காக இரண்டு வடகிழக்குப் பருவங்களில் பயன்படுத்திப் பார்த்தேன். கட்டணம் எதுவும் இல்லை. நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் ஒரு கணக்கு இருந்தால் போதும். கோப்புகள் எச்டிஎஃப்5 என்ற அறிவியல் தரவு வடிவில் இருப்பதால் நிரல் எழுதத் தெரியாதவர்கள் திணறக்கூடும். அவர்கள் நாசாவின் ஆப்பியர்ஸ் (AppEEARS) இணையச் சேவையில் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, அந்த இடத்துக்கான எண்களை மட்டும் அட்டவணையாகப் பெற்றுக்கொள்ளலாம்.

இதன் பெரிய பலம் மேகத்தைப் பொருட்படுத்தாமை. உலர்ந்த மண்ணின் மின்காப்பு மாறிலி (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு ஆட்படுகிறது என்பதைக் காட்டும் எண்) 3 அல்லது 4 அளவில் இருக்க, தண்ணீருக்கு அது ஏறத்தாழ 80. ஆகையால் ஈரம் ஏற ஏற நிலம் தானாக வெளியிடும் நுண்ணலைகள் வலுவிழக்கின்றன. மேகத்தை ஊடுருவி வரும் அந்த நுண்ணலைகளின் மாற்றத்தை 1.41 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 6 மீட்டர் விட்டமுள்ள சுழலும் ஆன்டெனாவைக் கொண்டு ஸ்மாப் அளக்கிறது. ஒளிப்படச் செயற்கைக்கோள்கள் வெறும் வெண்மையைக் காட்டும் ஐப்பசி, கார்த்திகையிலும் இரண்டு மூன்று நாள்களுக்கு ஒரு முறை எனக்கு எண் கிடைத்தது. செயற்கைக்கோள் காலை 6 மணிக்குக் கடக்கும்போது எடுத்த அளவீட்டையே நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அந்நேரத்தில் மண்ணும் பயிரும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருப்பதால் கணிப்பில் பிழை குறைகிறது.

ஆனால் "9 கிலோமீட்டர்" என்ற பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. ரேடாரையும், நிலம் வெளியிடும் நுண்ணலைகளை அளக்கும் கதிர்வீச்சுமானியையும் இணைத்து 9 கிலோமீட்டர் நுணுக்கத்தை எட்டுவதே மூலத் திட்டம். அந்த ரேடார் 2015 ஜூலை 7 அன்று நின்றுபோனது. இப்போதைய 9 கிலோமீட்டர் தொகுப்பு, ஒன்றன்மேல் ஒன்று படியும் கதிர்வீச்சுமானி அளவீடுகளை இடைக்கணித்து உருவாக்கப்படுவது. கட்டம் சிறிதாயிற்றே ஒழிய, ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் சுமார் 33 கிலோமீட்டர் அகலமுள்ள பரப்பின் ஈரம் கலந்திருக்கிறது. கட்டத்தை மட்டுமே கணக்கில் கொண்டாலும் அது 81 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 20,000 ஏக்கர். மழை ஒரு கண்மாய்க்கு இப்பால் கொட்டி அப்பால் தூறாமல் போகும் எங்கள் பக்கத்தில், இந்தச் சராசரியை வைத்து ஒரு சம்சாரிக்கு (விவசாயிக்கு) விதைப்பு யோசனை சொல்வது பொறுப்பற்ற செயல். ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து பதம் பார்ப்பவரின் கை, அவரது நிலத்தைப் பொறுத்தவரை, ஸ்மாப்பைவிடத் துல்லியமானது.

ஆழமும் ஒரு வரம்புதான். மேல் 5 சென்டிமீட்டர் ஈரத்தை மட்டுமே இது அளக்கிறது. கரிசலில் மேல்மண் காய்ந்த பிறகும் அடியில் ஈரம் நிற்கும் என்பதால், வரைபடத்தில் கோடு சரிந்தவுடன் பயிர் வாடுகிறது என்று முடிவுகட்டக் கூடாது. ஒரு மீட்டர் ஆழம் வரை மதிப்பிடும், நான்காம் நிலை எனப்படும் ஸ்மாப் தொகுப்பும் உண்டு. அது நிலப்பரப்புக் கணினி மாதிரி ஒன்றோடு அளவீட்டைக் கலந்து கணித்தது, நேரடி அளவீடு அன்று.

மண் மாதிரியோடு ஒப்பிட விரும்புவோருக்கு ஒரு குறிப்பு: ஸ்மாப்பின் எண் கன அளவு விகிதம், அதாவது மண்ணின் கன அளவில் நீர் எத்தனை பங்கு என்பது. அடுப்பில் 105 டிகிரியில் உலர்த்தி எடையால் கணக்கிட்ட ஈரப்பதத்தை மண்ணின் பரும அடர்த்தியால் (ஒரு கன சென்டிமீட்டர் உலர்மண்ணின் கிராம் எடையால்) பெருக்காமல் ஒப்பிட்டால் இரண்டும் பொருந்தாது. நானும் முதலில் அந்தத் தவறைச் செய்துவிட்டு, தரவின் மீது பழிபோட்டேன்.

ஊராட்சி ஒன்றிய அளவிலோ மாவட்ட அளவிலோ வறட்சியைத் தொடர்ந்து கவனிக்கவும், மழைக்குப் பின் நிலம் எத்தனை நாளில் உலர்கிறது என்று ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடவும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வயல் அளவிலான தேவை உள்ளவர்கள், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோளின் ரேடார் தரவைப் பார்க்கலாம். அதில் 200 மீட்டர் அளவில் மண் ஈரப்பதம் தரத் திட்டமிட்டிருக்கிறார்கள். எனினும் அதே பாதைக்கு அது 12 நாள்களுக்கு ஒரு முறைதான் திரும்பி வருகிறது.