தாயாடு படுத்துவிட்டால் குட்டிக்கு எந்தப் பால்?

ஐப்பசி அடைமழையில் எங்கள் கன்னி இன ஆடு ஒன்று இரட்டைக் குட்டி போட்டது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஒரு பக்க மடி கல்லாக இறுகிக் கிடந்தது. பீய்ச்சினால் பால் திரிதிரியாக வந்தது. குட்டி முட்டப் போனாலே உதைத்தது. மடிநோய். அன்றைக்குக் கொட்டிலுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள்: வேறொரு தாயாட்டில் விடு, மாட்டுப்பால் கொடு, எருமைப்பால்தான் தெம்பு, பாக்கெட் பால் போதும், பவுடர் கரைத்துவிடு. அந்த ஈத்திலும் பிறகு வந்த ஈத்துகளிலும் இவை எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியாகிவிட்டது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிறந்த முதல் நாளுக்கான பால் வேறு, அதற்குப் பிறகு வரும் பால் வேறு. முதல் நாளில் சீம்பாலுக்கு ஈடு கிடையாது. நோயை எதிர்க்கும் சக்தி குட்டிக்குத் தாய் வயிற்றுக்குள் கிடைப்பதில்லை, சீம்பால் வழியாகத்தான் வருகிறது. அதை உறிஞ்சும் குடலின் திறன் 12 மணி நேரத்தில் வெகுவாகக் குறைந்து 24 மணி நேரத்தில் அடைந்துபோகும். 2 கிலோ குட்டிக்கு அந்த ஒரு நாளுக்குள் 200 மில்லியாவது உள்ளே போக வேண்டும். தாய் எழ முடியாமல் கிடந்தாலும், மடி நன்றாக இருந்தால் பீய்ச்சிக் கொடுத்துவிடலாம். அதுவும் இல்லையென்றால் அன்று குட்டி போட்ட வேறு ஆட்டின் சீம்பால், அதற்கும் வழியில்லையென்றால் பசுவின் சீம்பால். பக்கத்து வீட்டில் மாடு கன்று போட்டிருந்தால், வெல்லம் போட்டு அவிக்க அடுப்பில் ஏற்றுவதற்குள் ஓடிப்போய் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிவிடுங்கள். காய்ச்சினால் திரண்டுவிடும், உள்ளே இருக்கும் சக்தியும் போய்விடும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும்.

அடுத்த நாளிலிருந்துதான் போட்டியே. முதல் இடம் வேறொரு தாயாட்டுக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். பால் பொருத்தத்தைப் பார்த்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் நம் பக்கத்துக் கன்னி ஆடும் கொடி ஆடும் கறவைக்கான இனங்கள் அல்ல. தன் இரண்டு குட்டிக்கே அளந்து பால் வைத்திருக்கும் ஆட்டில் மூன்றாவதை விட்டால் மூன்றும் நோஞ்சானாகும். ஒற்றைக் குட்டி போட்ட ஆடோ, குட்டி செத்துப்போன ஆடோ இருந்தால் மட்டும் இந்த வழியை யோசிக்கலாம். அப்போதும் அது மோப்பத்தில்தான் குட்டியைக் கண்டுகொள்ளும். ஈன்ற சில மணி நேரத்துக்குள் அதன் பனிக்குட நீரைக் குட்டிமேல் தடவி விட்டால் பெரும்பாலும் நக்க ஆரம்பித்துவிடும். நாள் கடந்துவிட்டால் தலையைக் கட்டிப்போட்டு, பின்காலைப் பிடித்துக்கொண்டு, நாளுக்கு நாலைந்து தடவை ஊட்டவிட வேண்டும். அதற்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

நடைமுறையில் எனக்கு ஜெயித்தது பசும்பால்தான். ஒரே மாட்டுப் பாலாக இருந்தால் இன்னும் நல்லது. கொழுப்பு ஆட்டுப்பாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, தினமும் கிடைக்கிறது. தண்ணீர் கலக்கவே கூடாது. 'குட்டிக்குச் செரிக்காது' என்று பாதிக்குப் பாதி கலப்பவர்கள் அதைப் பட்டினிதான் போடுகிறார்கள். சர்க்கரை, வெல்லம் சேர்ப்பது அதைவிடக் கெடுதல். அதைச் செரிக்கும் நொதி ஆட்டுக்குட்டி குடலில் கிடையாது, கழிச்சலில்தான் போய் நிற்கும்.

எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதம் வரை போகும். அதில் மட்டும் நாலில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ப்பதை ஒப்புக்கொள்வேன். வேறு பால் கிடைக்காத ஊர்களில் எருமைப்பாலிலேயே குட்டி தேறியதைப் பார்த்திருக்கிறேன்.

பாக்கெட் பாலில் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்டு பால் மெலிசு, 4.5 சதவீதம் உள்ளது பரவாயில்லை. மாட்டுக்காரர் வராத நாளில் கைகொடுக்கும். ஆனால் இன்றைக்குப் பாக்கெட், நாளைக்கு எருமை, மறுநாள் பசு என்று மாற்றிக்கொண்டே இருந்தால் குட்டியின் வயிறு தாங்காது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மூன்று நாலு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

பவுடரை நான் கடைசியில் வைக்கிறேன். டீக்கடைப் பவுடரில் பலவற்றில் சர்க்கரை கலந்திருக்கும், அதைத் தொடவே வேண்டாம். கன்றுக்குட்டிக்கென்று வரும் மாற்றுப்பால் பவுடர் சிலவற்றில் சோயாப் புரதம் இருக்கும், முதல் மூன்று வாரக் குட்டிக்கு அது ஒத்துக்கொள்ளாது.

எதில் கொடுப்பது என்பதிலும் இதே மாதிரி சண்டை உண்டு. குழந்தைக்குப் போலச் சங்கில் புகட்டுவது நம் பழக்கம். பார்க்கப் பாசமாக இருக்கும். ஆனால் நாம் ஊற்றும் வேகத்தில் குட்டி விழுங்காது, பால் நுரையீரலுக்குள் இறங்கி இரண்டு நாளில் இழுப்பு வந்துவிடும். கிண்ணத்தில் வைத்தால் தலையைக் குனிந்து மடமடவென்று குடிக்கும். அப்போது பால் நேராக நாலாம் இரைப்பைக்குப் போகாமல் முதல் இரைப்பையில் தேங்கிப் புளித்து வயிறு உப்ப வாய்ப்புண்டு. புட்டியில் ரப்பர் காம்பைச் சப்பும்போதுதான், கழுத்தை நீட்டித் தாய்மடியில் குடிப்பது போலவே, தொண்டைக்குக் கீழே உள்ள மடிப்பு மூடிக்கொண்டு பாலைச் சரியான இடத்துக்கு அனுப்பும். குழந்தைப் புட்டியே போதும். கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. குட்டியை நிற்க வைத்துக் கொடுங்கள். மடியில் மல்லாக்கப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

பால் உங்கள் மணிக்கட்டில் பட்டால் லேசாகச் சுட வேண்டும், 39 டிகிரி. குளிரில் விறைத்துக் கிடக்கும் குட்டிக்குப் பால் ஊற்றுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. முதலில் வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். உள்ளே சில்லென்றிருந்தால் சாக்கு, கணப்பு, வெந்நீர் பாட்டில் என்று சூடேற்றிவிட்டு அப்புறம்தான் பால்.

அளவு, உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம். 2 கிலோ குட்டிக்கு நாளுக்கு 300 முதல் 400 மில்லி, முதல் வாரம் ஐந்து வேளையாகப் பிரித்து. முதல் மாதத்துக்கு ஒரு குட்டிக்குச் சுமார் 15 லிட்டர் என்று செலவைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரத்திலேயே அகத்தியைக் கட்டித் தொங்கவிட்டால் கொறிக்கப் பழகும்.

தாய்க்கு என்ன நோய் என்பதும் கணக்கை மாற்றும். மருத்துவருக்காகக் கால்நடை உதவி எண் 1962-க்குக் கூப்பிடும்போதே, ஊசி போட்ட ஆட்டின் பாலைக் குட்டிக்கு எத்தனை நாள் கொடுக்கக் கூடாது என்று கேட்டுவிடுங்கள். ஆட்டுக்கொல்லி நோய் என்று சொன்னால் மற்ற ஆடுகளிலிருந்து தாயையும் குட்டியையும் உடனே ஒதுக்க வேண்டும். வெறும் மடிநோயோ, கால்சியம் குறைந்து படுத்ததோ என்றால் குட்டியை வேறு வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நடுவில் ஒரு வலைத்தட்டி மட்டும் கட்டி, தாய் பார்க்கவும் மோந்து பார்க்கவும் விடுங்கள். எங்கள் ஆட்டுக்கு ஒன்பதாம் நாள் நல்ல பக்க மடியில் பால் திரும்பியது. தட்டியை எடுத்ததும் இரண்டையும் நக்கிக் கொடுத்தது. பெட்டைக்குட்டி அன்றே மடிக்குப் போய்விட்டது. கிடாக்குட்டி மட்டும் இன்னும் இரண்டு வாரத்துக்கு என் கைலியை முட்டிக்கொண்டே புட்டியைத் தேடியது.