ஏழு வருடப் பாராகார்ட்: வைத்துக்கொள்வதா, வீசுவதா?

போன வாரம் நண்பர் கேட்டார்: "மொட்டைமாடில கட்டியிருந்த பாராகார்ட் வெளுத்துப்போச்சுங்க. மறுபடி கேம்ப்புக்கு எடுத்துட்டுப் போலாமா?" பாராகார்ட் என்றால் உறைக்குள் பல இழைகள் ஓடும் மெல்லிய நைலான் கயிறு. நான் ஏழு வருடமாக ஒரே 30 மீட்டரைத்தான் வைத்திருக்கிறேன், 550 ரகம், அதாவது 550 பவுண்டு தாங்கும் என்று விற்கப்படுவது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் என் கோபம். இது நைலான். நனைந்தால் தொய்யும். வால்பாறையில் ஒரு ஜூன் இரவு, கம்பி மாதிரி விறைப்பாகக் கட்டிய தார்ப்பாய் பதினோரு மணிக்கெல்லாம் நடுவில் குழிந்து, ஒரு குடம் தண்ணீர் தேங்கி நின்றது. எழுந்து இறுக்கினேன். இரண்டு மணிக்கு மறுபடி. புதிதாக இருந்தபோதும் இதே கதைதான், பழசானதால் வந்த குறை இல்லை. ஏழு வருடமாக என் தூக்கத்தைக் கெடுத்தது இந்த ஒரு விஷயம்தான்.

ஆனால் போன மாதம் பையின் தோள்பட்டை பிய்ந்தபோது, வெளுத்துப்போன பக்கத்தில் ஒரு முழம் வெட்டினேன். பச்சை உறை சாம்பல் நிறமாகி, நகத்தால் கீறினால் பிசிறு பிசிறாக வந்தது. உறையைப் பின்னுக்குத் தள்ளி உருவினால், உள்ளே ஏழு இழைகளும் வாங்கிய அன்று இருந்த அதே வெள்ளை! வெயில் உறையோடு நின்றுவிட்டது. ஓர் இழையைக் கோணி ஊசியில் கோத்து, தோள்பட்டையை இரட்டைத் தையலாகத் தைத்தேன். பத்து கிலோ சுமையோடு இரண்டு நாள் நடந்தாயிற்று, ஒரு தையல்கூட அசையவில்லை. இழையின் முறுக்கைப் பிரித்தால் இன்னும் மெல்லிய நூல் கிடைக்கும், கூடாரக் கிழிசலுக்கு அதுவே போதும். வெறும் உறை ஷூ லேஸ் ஆகும். நுனியை லைட்டரில் காட்டி உருக்கிவிடுங்கள், ஆனால் விரலால் அழுத்தாதீர்கள். உருகிய நைலான் தோலில் ஒட்டினால் சதையோடு வரும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 550 பவுண்டு, அதாவது சுமார் 249 கிலோ என்பது புதுக் கயிற்றின் கணக்கு. உறையின் பலமும் அதில் சேர்த்தி. முடிச்சு போட்டாலே அது குறையும், உறை நைந்தால் அந்தக் கணக்கே செல்லாது. பழைய கயிற்றில் ஊஞ்சல்படுக்கை கட்டாதீர்கள். ஆள் ஏறி இறங்கப் புதுசையும் நம்பாதீர்கள்.

தார்ப்பாய்க்கு நான் பாலியஸ்டர் கயிற்றுக்கு மாறிவிட்டேன். இனி பாராகார்ட் வாங்க மாட்டேன், யாரையும் வாங்கச் சொல்லவும் மாட்டேன். நண்பரிடம் மட்டும் அந்த வெளுத்த சுருளை வீசாமல் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.