சூப்பர்மேன் கையை மடக்க வெந்நீரா, ரம்பமா?

ஆரோரா நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த சூப்பர்மேன் கிட் (பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பொம்மை), செங்கல் சுவரை உடைத்துக்கொண்டு நிற்கும் கோலத்தில் இருக்கும். அதன் மறுவெளியீடு ஒன்று செந்தூலில் என் மேசைமேல் கிடந்தது. சுவரை எடுத்துவிட்டு, ஆளை இடுப்பில் கைவைத்து நிற்கவைக்க ஆசை. சூடாக்கி வளைக்கலாம், அல்லது வெட்டி ஒட்டலாம்.

சூடாக்கச் செலவே இல்லை. ஆனால் இந்தப் பொம்மையின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரின் நன்றாக இளகுவதே கிட்டத்தட்ட 100 டிகிரியில்தான். கொதித்த நீர் குவளைக்கு மாறுவதற்குள் சூடு இறங்கிவிடுகிறது. முழங்கையை மூன்று முறை முக்கியும் அசையவில்லை. சரி என்று மெழுகுவர்த்தியில் காட்டினேன். ஒரு நொடி விறைப்பு, மறு நொடி பாகு! கை என்பது இரண்டு பாதிகளை ஒட்டிய வெற்றுக் குழாய். மடக்கிய இடம், தோட்டத்து ரப்பர் குழாய் மடிந்ததுபோல் சப்பையாகிவிட்டது.

அந்தச் சப்பையை வெட்டி எறிந்ததில் தொடங்கியது இரண்டாம் வழி. வெட்டிய இரண்டு வாய்களிலும் எபாக்சி பட்டியை (இரண்டு பகுதிகளைச் சேர்த்துப் பிசைந்தால் கல்லாக இறுகும் களிமண் போன்ற பசை) அடைத்து ஓர் இரவு காயவிட்டேன். மறுநாள் கை ட்ரில்லால் 1 மில்லிமீட்டர் துளை, அதில் பேப்பர் கிளிப் கம்பி. இங்கேதான் ரம்பம் ஜெயிக்கிறது. கம்பி மட்டும் இருக்கும்போது கையை மடக்கி, நீட்டி, எட்ட நின்று பார்த்து, மனம் மாறினால் மறுபடி திருப்பலாம். மெழுகுவர்த்தி அப்படி இன்னொரு வாய்ப்புத் தராது.

பட்டியிலும் வித்தியாசம் உண்டு. குழாய் ஒழுக்கு அடைக்க ஹார்ட்வேர் கடையில் விற்பது சில நிமிடங்களில் இறுகிவிடும். உள்ளே அடைக்க அது போதும். வெளியே சதையும் துணி மடிப்பும் செதுக்க மில்லிபுட் என்ற மெதுவாக இறுகும் பட்டி போன்றதுதான் சரி. அதில் சுமார் ஒரு மணி நேரம் வேலை செய்யலாம் என்பார்கள். கோலாலம்பூர் வெயிலில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள், சூடு கூடினால் சீக்கிரம் இறுகும். நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிசைகிறேன். கை மடங்கினால் புஜம் திரளும். அதைச் சேர்க்காமல் விட்டால் பொம்மைக் கைதான். பிறகு உப்புத்தாள். அந்த ஒரு முழங்கைக்கே இரண்டு வார இறுதிகள் போயின.

குண்டாம் என்ற ஜப்பானிய ரோபோ கிட்டின் அசையும் மூட்டைச் செருகலாம் என்பவர்களும் உண்டு. ரோபோவுக்கு அழகு. ஒட்டிப் பிடித்த உடை போட்ட மனிதனுக்கு முழங்கையில் பந்து தெரிந்தால் நன்றாகவா இருக்கும்?

ஆகவே கை கால்களுக்கு ரம்பம். முதுகில் தொங்கும் கேப்புக்கு (மேலங்கிக்கு) மட்டும் என் ஓட்டு வெந்நீருக்கே. அது மெல்லிய தகடு, சப்பையாக அதில் ஒன்றுமில்லை. இந்த முறை குவளையை நம்பவில்லை. அடுப்பில் கொதிக்கும் சட்டியிலேயே இடுக்கியால் இறக்கி, இளகியதும் வளைத்து, குழாய்த் தண்ணீரில் காட்டினேன். காற்றில் பறப்பதுபோல் அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சட்டியில் இனிமேல் ரசம் வைக்க மாட்டேன் என்று அம்மா அதை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டார்.