குயின் மேரி 2-ல் அட்லாண்டிக்: கப்பலுக்கு முன்னும் பின்னும் எத்தனை இரவு?

கியூனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2, சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு வழக்கமாக 7 இரவில் போய்ச் சேர்கிறது. நடுவில் இறங்கிப் பார்க்க ஒரு துறைமுகமும் கிடையாது. ஊர் ஊராக நிற்கும் சுற்றுலாக் கப்பல் என்று நினைத்து டிக்கெட் எடுத்தவருக்கு மூன்றாம் நாளே அலுத்துவிடும். கடலைக் கடப்பதுதான் வேலை என்று தெரிந்து ஏறுபவருக்கு ஏழு இரவும் போதாது.

கப்பலைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. பணமும் நிம்மதியும் கரைவது இரண்டு கரைகளிலும்தான். சரியாக உட்காரும் கணக்கு இது: லண்டனில் இரண்டு மூன்று இரவு, சவுத்தாம்ப்டனில் ஓர் இரவு, கப்பலில் ஏழு, நியூயார்க்கில் நான்கு. இதில் சவுத்தாம்ப்டன் இரவை மட்டும் வெட்டவே கூடாது. ஏன் என்பது பின்னால் வருகிறது.

முதலில் திசை. முடிந்தவரை மேற்கே போகும் பயணத்தையே எடுக்க வேண்டும். இங்கிலாந்துக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி நேர வித்தியாசம். மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். நாளுக்கு 25 மணி நேரம், தூக்கம் கூடுதல். கிழக்கே வரும்போது அதே ஒரு மணி நேரத்தைப் பகல் 12 மணிக்குப் பிடுங்கிக்கொள்கிறார்கள். காலைச் சாப்பாடு செரிப்பதற்குள் மதியச் சாப்பாடு வந்து நிற்கும். மேற்கே போய் இறங்குபவருக்கு உடம்புக் கடிகாரம் ஏற்கெனவே நியூயார்க் நேரத்தில் ஓடுவதால், முதல் நாளே ஊர் சுற்றலாம். நீண்ட தங்கலை அந்தப் பக்கம் வைக்கச் சொல்வது அதனால்தான். ஒரு சின்ன விஷயம்: கோடை நேரத்துக்கு மாறும் தேதி இரு நாடுகளிலும் ஒன்றல்ல. மார்ச்சில் சில வாரமும், அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் வித்தியாசம் 4 மணிதான். அந்த வாரங்களில் வீட்டோடு பேச நேரம் குறிப்பவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள்.

மேற்குத் திசைக்கு ஒரு விலையும் உண்டு: காற்று. வட அட்லாண்டிக்கில் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் காற்று அடிக்கும். கப்பல் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போக, எதிர்க்காற்று 25 என்றால், மேல்தளத்தில் நிற்பவர் முகத்தில் அறைவது 45. அப்போது திறந்த தளங்களைப் பூட்டிவிடுவார்கள். கிழக்கே வரும்போது அதே காற்று முதுகில் அடிப்பதால் தளம் அமைதியாக இருக்கும். ஜூன், ஜூலையில் காற்று தணிந்தாலும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்குத் தெற்கே மூடுபனி பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டமும் சந்திக்கும் இடம் அது. பனி விலகும்வரை கப்பல் இரண்டு நிமிடத்துக்கொரு முறை ஊதும். முன்பக்க உயரத் தள அறையில் பகல் தூக்கம் போடுபவர்கள் காதுக்கு அடைப்பான் எடுத்துச் செல்வது நல்லது.

345 மீட்டர் நீளம், நீண்டு கூர்ந்த முன்பகுதி, வேகம் தேவைப்பட்டால் 30 கடல் மைல்வரை. 2004-ல் ஓடத் தொடங்கிய இந்தக் கப்பலை இந்தக் கடலுக்கென்றே கட்டினார்கள். அதற்காக ஆடவே ஆடாது என்று சொல்ல முடியாது. நவம்பர் முதல் மார்ச் வரை ஆடும். வயிறு புரட்டும் ஆட்கள் நடுக்கப்பலில், 4 முதல் 6-ம் தளத்துக்குள் அறை எடுக்கட்டும். கப்பல் ஏற்றமரம் போலத்தான்: முனைகள் ஏறி இறங்கும், நடு அசைவது குறைவு.

அந்தத் தளங்களில் அறை எடுக்கும்போது கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ள வேண்டும். 'ஷெல்டர்டு பால்கனி' என்று விற்பவை, கப்பலின் இரும்புச் சுவரில் வெட்டிய திறப்புகள். கைப்பிடிக்குக் கீழே கண்ணாடி கிடையாது, முழுக்க இரும்பு. நாற்காலியில் சாய்ந்தால் எதிரே வெள்ளை பெயின்ட் அடித்த சுவர். எழுந்து நின்றால்தான் கடல். குளிர்காலத்தில் இந்தச் சுவரே காற்றைத் தடுக்கும், அப்போது இது வரம். கோடையில் காலை நீட்டிக் கடல் பார்க்க நினைப்பவருக்கு ஏமாற்றம்தான். 8-ம் தளத்தில் கண்ணாடி பால்கனி உண்டு, ஆனால் பல அறைகளின் எதிரே உயிர்காப்புப் படகுகள் தொங்கும். 'பார்வை மறைப்பு' என்ற குறிப்பு அறை வகையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டவும்.

எந்தப் பக்கம்? மேற்கே போகும்போது இடப்பக்கம். தெற்கு வெயில் அந்தப் பக்கம்தான் விழும். நியூயார்க் துறைமுகத்தில் நுழையும்போது சுதந்திரதேவி சிலையும் அதே பக்கம்தான் வரும். கிழக்கே வருவதானால் இரண்டுக்கும் வலப்பக்கம்.

சாப்பாடு, பொழுதுபோக்கு பற்றி நீட்ட வேண்டியதில்லை. நூலகம் பெரிது, கோளரங்கம் ஒன்று இருக்கிறது, 7-ம் தளத்தில் கப்பலைச் சுற்றி முழு வட்டம் நடக்கலாம், மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். நாய், பூனைகளுக்கும் கூடு உண்டு. ஆனால் அந்த இடங்கள் கப்பல் அறைகளுக்கு முன்பே தீர்ந்துவிடும். உடைதான் பலரைக் குழப்புகிறது. மாலை 6 மணிக்கு மேல் பிரதான உணவகத்துக்கு நேர்த்தியான உடை. பெரும்பாலும் இரண்டு மாலைகள் 'காலா' எனும் விருந்து மாலை, அன்று சூட் அல்லது அவரவர் நாட்டின் முறையான உடை. அதில் விருப்பமில்லாதவருக்கு கிங்ஸ் கோர்ட் பஃபே, கோல்டன் லயன் பப், கரிந்தியா லவுஞ்ச் இருக்கின்றன. ஆனால் அன்றைய மாலையின் பாதிக் கப்பல் உங்களுக்கு மூடியது போலத்தான். கணக்கு முழுவதும் அமெரிக்க டாலரில் ஓடும். தலைக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் தானாக ஏறும். டிக்கெட் விலையை ஒப்பிடும்போது அதையும் 7-ஆல் பெருக்கிச் சேர்க்கவும்.

இனி கரை. லண்டன் வாட்டர்லூவிலிருந்து சவுத்தாம்ப்டன் சென்ட்ரலுக்கு ரயிலில் சுமார் 1 மணி 20 நிமிடம். தூரம் இவ்வளவுதானே என்று புறப்படும் நாள் காலையில் லண்டனிலிருந்து கிளம்பும் திட்டம்தான் அதிகம் சறுக்குகிறது. வார இறுதிகளில் தண்டவாளப் பராமரிப்பு நடந்தால் பாதி வழி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். நான்கு பெட்டியோடு அந்தப் பஸ்ஸில் ஏறுவது ஒரு தண்டனை. இந்தக் கப்பலை விட்டால் அடுத்த துறைமுகத்தில் பிடிக்கலாம் என்ற கதையே இல்லை, அடுத்த துறைமுகம் அமெரிக்காதான். ஹீத்ரோவில் இறங்கி லண்டனுக்குள் போகாமலே வருபவர்களுக்கு அங்கிருந்து சவுத்தாம்ப்டனுக்கு நேரடிப் பஸ் உண்டு.

சவுத்தாம்ப்டன் அறையைக் கப்பல் டிக்கெட் எடுத்த அன்றே பிடித்துவிடுங்கள், ரத்து செய்யக்கூடிய விலையில். ஒரே நாளில் இரண்டு மூன்று கப்பல் புறப்பட்டால் முந்தைய இரவின் அறை விலை எகிறும். எந்த முனையம் என்பதையும் டிக்கெட்டில் பார்க்கவும். மேஃபிளவர் முனையம் ரயில் நிலையத்துக்குப் பக்கம். ஓஷன், குயின் எலிசபெத் 2 முனையங்கள் ஊரின் மறுகோடியில், 4-ம் எண் துறைமுக வாசல் வழியாக. டாக்ஸிக்காரரிடம் 'குயின் மேரி' என்று கப்பல் பெயரைச் சொல்வதைவிட முனையத்தின் பெயரைச் சொல்வதே பத்திரம். கிடைக்கும் அரை நாளில் பழைய கோட்டைச் சுவரையும், 1912-ல் டைட்டானிக் புறப்பட்ட ஊரின் கதையைச் சொல்லும் சீசிட்டி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம். அதற்கு மேல் அந்த ஊரில் இன்னோர் இரவு தேவையில்லை.

பாஸ்போர்ட் விஷயம். அமெரிக்காவுக்கு வேண்டிய அனுமதி இல்லாவிட்டால் சவுத்தாம்ப்டனிலேயே ஏற்றமாட்டார்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இரு நாட்டு விசாவும் வேண்டும். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு, விசாவுக்குப் பதில் இணையத்தில் முன்பே வாங்கும் பயண அனுமதி: பிரிட்டனுக்கு ஈடிஏ, அமெரிக்காவுக்கு எஸ்டா. எஸ்டா விமானத்துக்கு மட்டும்தான் என்பது தவறு, கப்பலில் வந்திறங்கவும் அது வேண்டும். அதோடு, அமெரிக்காவை விட்டுக் கிளம்பும் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். ஒருவழிக் கப்பல் டிக்கெட்டோடு மட்டும் நிற்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பயணக் காப்பீட்டில் கப்பல் பயணம் தனியாகச் சேர்த்திருக்கிறதா, தேதிகள் முதல் ஓட்டல் இரவிலிருந்து கடைசி ஓட்டல் இரவுவரை மூடுகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளவும்.

நியூயார்க்கில் கப்பல் நிற்பது மன்ஹாட்டனில் அல்ல, புரூக்ளினின் ரெட் ஹுக்கில். விடிவதற்கு முன்பே துறைமுக வாயிலில் உள்ள வெரசானோ பாலத்தின் கீழே நுழையும். புகைபோக்கிக்கும் பாலத்துக்கும் சில மீட்டர்தான் இடைவெளி, கீழிருந்து பார்த்தால் இடித்துவிடும் என்றே தோன்றும். அதற்காக 4 மணிக்கு எழுந்திருக்கலாம். முந்தைய இரவு பெட்டிகளை வண்ணச் சீட்டு கட்டி அறைக்கு வெளியே வைக்க வேண்டும். அப்போது காலையில் போட்டுக்கொள்ள வேண்டிய உடுப்பையும் காலணியையும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டு, இரவு உடையில் குடியேற்ற வரிசைக்கு வருபவர் எல்லாப் பயணத்திலும் ஒருவராவது உண்டு. மருந்து, பாஸ்போர்ட், கம்பளிச் சட்டை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிகளைத் தானே இழுத்து இறங்க முடிந்தவர் முதல் ஆளாக வெளியே வரலாம். அன்றே விமானம் என்றால் பிற்பகல் 2 மணிக்கு முன் எதையும் பதிவு செய்ய வேண்டாம்.

முனையத்துக்குப் பக்கத்தில் சுரங்க ரயில் கிடையாது. மஞ்சள் டாக்ஸி வரிசையே எளிது. ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு 70 டாலர் நிலைக் கட்டணம் என்று படித்துவிட்டு வாதாட வேண்டாம்; அது மன்ஹாட்டனுக்கு மட்டும், புரூக்ளினிலிருந்து மீட்டர்தான். ஓட்டலில் அறைச் சாவி பிற்பகல் 3, 4 மணிக்குத்தான் கிடைக்கும், பெட்டியை மட்டும் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். அறை விலையின் மேல் 14.75 சதவீதம் வரி, கூடவே இரவுக்கு 3.50 டாலர், சில ஓட்டல்கள் 'வசதிக் கட்டணம்' என்று இன்னொன்றும் சேர்க்கும். அடுக்குமாடி வீட்டை முழுதாக வாடகைக்கு எடுக்கும் யோசனையை விட்டுவிடலாம்: 2023 செப்டம்பர் முதல் அமலாகும் சட்டப்படி, 30 நாளுக்குக் குறைந்த தங்கலுக்கு வீட்டுக்காரரும் உடன் இருக்க வேண்டும்.

விலைதான் பிரச்சினை என்றால் வேறு வழி உண்டு. வசந்தத்தில் கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்கும், இலையுதிர் காலத்தில் திரும்பவும் கப்பல்கள் இடம் மாறும். ஃப்ளோரிடாவிலிருந்து பார்சிலோனா போன்ற வழிகள், பெரும்பாலும் 12 முதல் 15 இரவு, நடுவில் அசோர்ஸ் அல்லது மதெய்ரா. ஓர் இரவுக்கான விலை பெரும்பாலும் குறைவு, வெயிலும் அதிகம். ஆனால் வசந்தத்தில் ஓடுபவை எல்லாம் கிழக்கு நோக்கித்தான், அதாவது பகலைப் பிடுங்கும் திசை.