பச்சைப் பை வரவில்லை

கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் இறங்கி, பார்சல் ஆபீசில் எல்.ஆர். காப்பியை, அதாவது சரக்கு ரசீதை நீட்டி, பெட்டியை ஆட்டோவில் ஏற்றுகிற வழக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கிற சரக்குதான் வேறு. சிறுநீரகத்தின் வேலைக்காகச் சர்க்கரை கலந்த திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வடிக்கும் வயிற்று வழி டயாலிசிஸ், அதாவது சி.ஏ.பி.டி. செய்துகொள்ளும் பெரியப்பாவுக்கு நாளைக்கு நாலு பை, பைக்கு 2 லிட்டர். மாதத்துக்கு 120 பை, தண்ணீர் எடையே 240 கிலோ. லண்டனில் இதே பைகளை டிரைவரே வீட்டுக்குள் தூக்கி வந்து, பழைய பெட்டியை முன்னால் இழுத்துவிட்டுப் புதியதைப் பின்னால் அடுக்கிவிட்டுப் போவார். அதைக்கூட இங்கே எதிர்பார்க்கவில்லை.

எழுதிக் கொடுத்தது பகலுக்கு மூன்று மஞ்சள், ராத்திரிக்கு ஒரு பச்சை. வந்தது அத்தனையும் மஞ்சள். பரவலாகக் கிடைக்கும் பைகளில், இழுத்துத் திறக்கும் வளையத்தின் நிறம்தான் சர்க்கரை அளவு: மஞ்சள் 1.5 சதவீதம், பச்சை 2.5, சிவப்பு 4.25. பணம் வாங்கிக்கொண்ட தனியார் சப்ளையருக்குப் போன் போட்டால், "பச்சை ஸ்டாக் இல்ல சார். ரெண்டு மஞ்சளாப் போட்டுக்கச் சொல்லுங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார்.

எப்படி ஒன்றாகும்? உடம்பிலிருந்து தண்ணீரை இழுப்பது சர்க்கரையின் அடர்த்தி. இரண்டு பையைச் சேர்த்தாலும் அடர்த்தி அதே 1.5தான், வயிறும் கொள்ளாது. ராத்திரி எட்டு மணி நேரம் உள்ளே கிடக்கும்போது மஞ்சளின் சர்க்கரை ரத்தத்துக்குப் போய்விடும். இழுப்பு நின்று, விட்ட தண்ணீரே திரும்ப உடம்பில் ஏறும். காலையில் வடிந்த பையைத் தராசில் மாட்டினால் 1,800 மி.லி. விட்டது 2,000. மீதி கணுக்காலில், விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது.

டாக்டர் சொன்ன தற்காலிக வழி: உப்பும் தண்ணீரும் குறைக்க வேண்டும், ராத்திரி நடுவில் எழுந்து ஒருமுறை கூடுதலாக மாற்ற வேண்டும். மாற்றுவதென்றால் கதவடைத்து, மாஸ்க் போட்டு, கை கழுவி, அரை மணி நேரம். தூசி பறந்து குழாய் முனையில் ஒட்டினால் வயிற்றுக்குள் கிருமி போகும் என்பதால் ஃபேன் ஓடக் கூடாது. மே மாதப் புழுக்கத்தில், எழுபது வயதுக்காரருக்கு, பச்சை இல்லை என்று முன்கூட்டிச் சொல்லாமல் யாரோ மஞ்சளை அனுப்பியதற்காக!

கடைசியில் ஓசூர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஒரு பெட்டி பச்சையை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். சாயங்காலமே கையில். லண்டனில் இது நடக்கவே நடக்காது.

இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சி.ஏ.பி.டி. பைகளை வீட்டுக்கே தருவதும் உண்டு. காசு கொடுத்து வாங்குபவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். தனியாரிடம்தான் என்றால் நிறம், சதவீதம், லிட்டர், எண்ணிக்கை நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன்பே, பார்சல் ஆபீஸ் வாசலிலேயே பெட்டியைப் பிரித்து வளையத்தைப் பாருங்கள்.