"சொந்தக்காரர் வரக்கூடாது" என்று சொன்ன குதிரைப் பயிற்சியாளர்

கொழும்பில் குதிரை வைத்திருக்கும் தமிழர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பயிற்சியாளர் இன்னும் பழக்கித் தருவதாகச் சொல்லிக் குதிரை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். பெயர் போடப் போவதில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் மகளுக்காக ஒரு குதிரை வாங்கினோம். றீட் அவெனியூ றேஸ்கோர்சில் இப்போது குதிரை ஓட்டம் இல்லை, கடைகளும் றக்பியும்தானே. எங்களுடையது நுவரெலியாவில் பந்தயம் ஓடி முடித்து இறங்கி வந்தது. 9 வயது, காயடித்தது. நிறத்தைப் பார்த்து மகள் 'கறுவல்' என்று பெயர் வைத்தாள். நகருக்கு வெளியே ஒரு லாயத்தில் மாதக் காசு கட்டி விட்டிருந்தோம்.

முதல் இரண்டு மாதம் தங்கம். அப்புறம் கடிவாளத்தைக் கண்டாலே தலையை உயர்த்தத் தொடங்கியது. இடப்பக்கம் திருப்பினால் வாயைப் பிளந்து உதறும். ஒரு நாள் முன்னங்கால்களைத் தூக்கி எழும்பி நின்றது. மகள் சறுக்கி விழுந்தாள், முழங்கையில் தையல்.

தெரிந்தவர் ஒருவர் மூலம்தான் அந்தப் பயிற்சியாளர் வந்தார். கறுவலைச் சுற்றி ஒரு தரம் நடந்தார், வாயைத் தொடக்கூட இல்லை. "அண்ணை, இது கள்ளக் குதிரை. உங்களை நல்லாப் படிச்சு வச்சிருக்கு. மூண்டு கிழமை தாங்கோ, பெட்டிப்பாம்பாக்கித் தாறன்" என்றார். 150,000 ரூபாய், முழுவதும் முன்பணம். ஒரே ஒரு நிபந்தனை: சொந்தக்காரர் வரக்கூடாது, முகத்தைக் கண்டால் பழக்கம் குழம்பிவிடுமாம். இதைக் கேட்டும் தலையாட்டினேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி போனது.

இரண்டாம் கிழமை வட்ஸ்அப்பில் வீடியோக்கள் வந்தன. தலையைத் தாழ்த்தி, ஆட்டுக்குட்டி மாதிரி நடக்கிறது. நான் பெருமையாக எல்லோருக்கும் காட்டினேன். மனைவி மட்டும், "இதென்ன, நித்திரை தூங்கி விழுற மாதிரி நிக்குது?" என்றாள். பிறகு திரும்பப் பார்த்தபோதுதான் எனக்கும் தெரிந்தது: கீழுதடு தொங்குகிறது, கண் பாதி மூடியிருக்கிறது, கால்களை அகட்டி வைத்து நிற்கிறது, ஆண்குறி வெளியே தொங்கியபடி.

கொண்டுவந்து விட்ட மறுநாளே பழைய குதிரை. இல்லை, பழையதைவிட மோசம். மூக்கின் மேல் வார் இறுகிய தழும்பு. யாராவது கையை உயர்த்தினால் மூலைக்குள் ஒதுங்கும்.

அப்போதுதான் மிருக வைத்தியரைக் கூப்பிட்டேன். முதல் நாளே கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் மாட்டுக்கும் நாய்க்கும் கிடைப்பது போல் குதிரைப் பல் பார்ப்பவர் இங்கே இலகுவில் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் இப்படியான ஆட்கள் பிழைக்கிறார்கள். வைத்தியர் வாய்திறப்பானை மாட்டி டோர்ச் அடித்துக் காட்டினார். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கத்தி மாதிரி. இடக்கன்னத்தின் உள்ளே புண். குதிரைக்கு மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமாம், பல்லும் வயது போகப் போக வெளியே வந்துகொண்டே இருக்குமாம். நாள் முழுக்கப் புல்லை அரைத்தால் ஓரளவு சமமாகத் தேயும். எங்கள் லாயத்தில் மேய்ச்சல் குறைவு, தவிடும் தானியமும்தான் அதிகம். கடிவாளத்தை இழுக்கும்போதெல்லாம் கன்னம் அந்த ஓரத்தில் போய் அழுந்தியிருக்கிறது.

அரம் போட்டுப் பல்லை ராவ அரை மணித்தியாலம் ஆனது. வருடத்துக்கு ஒரு தரமாவது பார்க்க வேண்டும் என்றார். சேணம் அழுத்தி முதுகில் வெள்ளை மயிர் முளைத்திருந்த இரண்டு இடங்களையும் காட்டினார்.

வீடியோவைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மயக்க மருந்தாக இருக்கும் என்றார். அசெப்ரோமசின் மாதிரி மருந்துகளால் ஆண் குதிரைகளுக்கு அந்த உறுப்பு உள்ளே திரும்பாமலே போய் நிரந்தரச் சேதம் வரலாமாம். இரத்தம் சோதிக்க நாள் கடந்துவிட்டது. பிறகு பயிற்சியாளரிடம் வேலை செய்த பையன் ஒருவன் ஒப்புக்கொண்டான், வீடியோ எடுக்கும் நாட்களில் ஊசி போட்டார்களாம். பயிற்சியாளரைக் கேட்டால், "உங்கட மகளுக்கு ஏறத் தெரியாது" என்று போனை வைத்துவிட்டார். பற்றுச்சீட்டு இல்லை, எழுத்தில் ஒன்றுமே இல்லை. காசு போனது போனதுதான்.

எங்கள் பிழையும் உண்டு. அது தலையை உயர்த்தும்போதெல்லாம் நாங்கள் பயந்து கடிவாள வாரைத் தளர்த்தினோம். அழுத்தம் எந்த நொடியில் விலகுகிறதோ, அந்த நொடியில் செய்ததைத்தான் குதிரை படித்துக்கொள்கிறது. தொடக்கம் வலியால். ஆனால் தலையைத் தூக்கினால் விடுதலை கிடைக்கும் என்று சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான்.

புண் ஆறும்வரை வாயில் கடிவாள இரும்பே போடவில்லை. பிறகு லாயத்தில் இருந்த வயதான குதிரைக்காரர் ஒருவர் காசு வாங்காமல் மகளுக்குக் காட்டிக் கொடுத்தார். இரும்பை உதட்டருகே கொண்டுபோய்ப் பிடி, தலையை ஒரு அங்குலம் தாழ்த்தினாலும் அந்தக் கணமே விலக்கு. அவ்வளவுதான். முதல் நாள் பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை, மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறாம் நாள் கறுவல் தானாகத் தலையை இறக்கி வாயைத் திறந்தது.

யாருடைய குதிரையாவது இப்போது இப்படி ஒரு "வரக்கூடாது" இடத்தில் நின்றால், இன்றைக்குப் பின்னேரமே சொல்லாமல் போய் நில்லுங்கள். கீழுதட்டையும் கண்ணையும் பாருங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் லொறியைக் கூப்பிடுங்கள்.